மூக்கில் ஒட்டியிருந்த பொரி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், விஜயதசமி காலையில, திருத்தணியில எங்க வீட்டு வாசல்ல ஆரம்பிச்ச கதை இது. ஆரம்பிக்கும்போது நான் சிரிச்சிகினு இருந்தேன், அதைத்தான் இன்னும் மறக்க முடியல.

எங்க வீட்டுக்காரர் மர வேலை செய்யறவர். எனக்கு மாமா பையன். அதனால கல்யாணத்துக்கு முன்னாடியும் பாவா, பின்னாடியும் பாவாதான். வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டு, அதுல ரம்ப மிஷின், இழைக்கிற மிஷின் எல்லாம் வெச்சிருக்காரு. கதவு, ஜன்னல், பூஜை மாடம்னு ஆர்டர் வந்துகினே இருக்கும். காலையில மிஷினைப் போட்டாருன்னா, நான் சாப்பிடக் கூப்பிடறது அவர் காதுல ஏறாது. மிஷின் ஓடலைன்னாலும் ஏறாதுங்கறது வேற விஷயம்.

எங்க நாய் அந்த ஷெட்டுல இருந்துதான் கிடைச்சது. ஒரு மழைக்காலத்துல, இழைச்சுப் போட்ட மரச்சுருள் குவியலுக்குள்ள கண்ணு கூட சரியா தொறக்காத குட்டி ஒன்னு முனகிகினு கிடந்தது. எந்தத் தாய் கவ்விக் கொண்டாந்து போட்டுச்சோ. என் பொண்ணு அதைத் தூக்கித் துப்பட்டாவுல சுத்திக்கினா. சுருள்ல கிடைச்சதால சுருளின்னு பேரும் வெச்சுட்டா. எனக்கு நாய்னாலே ஆகாது. வேணவே வேணாம்னு ரெண்டு நாள் மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு இருந்தேன். மூணாம் நாள் அதுக்குப் பால் ஊத்தினது நான்தான். என் வாய் இப்படி, மனசு அப்படி.

அப்புறம் பொண்ணு வேலூர்ல காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிட்டா. கிளம்பற அன்னைக்கு பெட்டியைக் கட்டிவெச்சுட்டு, நாயைக் கட்டிப் புடிச்சிகினு அழுதா. நான் அழலை, அதைச் சொல்லியே ஆகணும். வண்டியில ஏறும்போது என்னைப் பாத்து ஒன்னே ஒன்னுதான் சொன்னா. "அம்மா, அதை ஷெட்டுக்குள்ள மட்டும் விட்டுடாதே."

அவ பயத்துல நியாயம் இருக்கு. மர வேலை செய்யற இடம் மாதிரி நாய்க்கு ஆபத்தான இடம் கிடையாது. ரம்பம் ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு மிரண்டு எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது. கீழ ஆணி, திருகு சிந்தியிருக்கும். தின்னர் டப்பா, பாலிஷ் துணின்னு வாய் வெக்கக் கூடாததுதான் அத்தனையும். பாவா இதுல ரொம்ப கறார். ஷெட் வாசலுக்கு இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு செஞ்சு, வெளியில இருந்து தாழ்ப்பாள் வெச்சாரு. ஊரான் வீட்டுக் கதவுக்குக் கூட அவ்வளவு மெனக்கெட்டு நான் பாத்ததில்ல. ஒயரெல்லாம் மேல ஏத்திக் கட்டினாரு. பசை, தின்னர் எல்லாம் எனக்கே எட்டாத உயரத்துல பலகை அடிச்சு வெச்சாரு. சாயந்திரம் மிஷினை நிறுத்தினதும் ஒரு காந்தத்தைக் கயித்துல கட்டி தரையெல்லாம் இழுத்து, ஆணி பொறுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு. பாக்கறவங்க சிரிப்பாங்க, அவர் கண்டுக்க மாட்டாரு. சுருளி அந்தக் குட்டிக் கதவுக்கு வெளியில படுத்து, தலையைக் கால் மேல வெச்சிகினு, அவர் வேலை செய்யறதையே பாத்துகினு கிடக்கும்.

இவ்வளவு பத்திரமா இருந்த வீட்டுல எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க.

ஆயுத பூஜை வந்துச்சு. வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் எங்க ஷெட்டுக்கு லீவு. எங்க வழக்கம் என்னன்னா, சோறு போடற சாமான் ஒன்னு விடாம மேல இருந்து கீழ இறக்கணும். துடைச்சு, எண்ணெய் தடவி, தரையில வாழை இலை போட்டு வரிசையா அடுக்கி, ஒவ்வொன்னுக்கும் சந்தனம் குங்குமம் வெக்கணும். உளி, இழைப்புளி, சுத்தியல் மட்டும் இல்ல, வண்டிச் சாவி, மூலைமட்டம், பசை பாட்டில் வரைக்கும் பொட்டு. பசை இல்லாம எந்தக் கதவு நிக்குதுமேன்னு கேப்பாரு. மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, ஒரு சின்ன மரத்துண்டையாவது இழைச்சு வேலையைத் தொடங்கற வரைக்கும், வெச்ச சாமானை வெச்ச இடத்துல இருந்து யாரும் நகத்தக் கூடாது. அவங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.

குட்டிக் கதவையும் கழட்டிட்டாரு. கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சு செவத்துல சாச்சு வெச்சாரு. தெருவுல இருந்து பத்து பேர் பிரசாதத் தட்டு வாங்க வருவாங்க, தாண்டிகினு வர முடியுமான்னாரு. அதோட, மிஷினுக்கு எல்லாம் பிளக்கைப் புடுங்கியாச்சு, இன்னைக்கு எதுவுமே ஓடாது, இன்னா ஆயிடப் போவுதுன்னு ரெண்டு பேருமே நெனைச்சோம். பூஜை நல்லபடியா முடிஞ்சது. பொரி, கடலை, வெல்லம், சுண்டல்னு இலை நெறைய படைச்சதுல பாதி தரையில சிந்திக் கிடந்துச்சு. பூஜை நடந்த இடம், பெருக்கக் கூடாது. ராத்திரிக்கு சுருளியை வழக்கம் போல வீட்டுக்குள்ள போட்டுக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் விடிஞ்சதும் நான் கதவைத் தொறந்து வாசல் தெளிச்சு கோலம் போட்டுகினு இருந்தேன். சுருளி வெளியில ஓடிச்சு. கோலம் முடியற நேரத்துக்கு ஷெட்டுப் பக்கம் இருந்து வாலை ஆட்டிகினு வருது, மூக்கு மேல ஒரு பொரி ஒட்டியிருக்கு. நாக்கை நீட்டி நீட்டி அதை எடுக்கப் பாக்குது, எட்டல. எனக்கு ஒரே சிரிப்பு. போனை எடுத்து போட்டோ புடிச்சு, "உன் பொண்ணு சாமிக்கு முன்னாடி பிரசாதம் சாப்டுட்டா"ன்னு ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டு, இட்லி ஊத்தப் போயிட்டேன்.

இட்லி வெந்து எடுக்கறதுக்குள்ள வாசல்ல ஒரு சத்தம். வாந்தி வர்ற மாதிரி அடிவயித்துல இருந்து இழுக்குது, ஒன்னும் வரல. மறுபடியும் இழுக்குது. அப்புறம் தண்ணிக் கிண்ணத்துல வாயை வெச்சு மடமடன்னு குடிக்குது. மறுபடியும் அதே இழுப்பு. கிட்டப் போய் வயித்தைத் தொட்டேன். ஒரு பக்கம் கல்லு மாதிரி இருந்துச்சு.

பாவா வந்து பாத்துட்டு, சுண்டலைத் தின்னிருக்கும், வாயு புடிச்சிருக்குன்னாரு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து, உப்புத் தண்ணி கரைச்சு ஊத்துங்க, தின்னதெல்லாம் வெளியில வந்துடும், எங்க நாய்க்கு அப்படித்தான் செஞ்சோம்னாங்க. நல்ல மனசுல சொன்னதுதான். நானும் ஒரு சொம்பு நெறைய கரைச்சு எடுத்து வந்து, சுருளியை மடியில சாச்சு, வாயைப் பொளந்து புடிச்சேன். அப்பதான் பாத்தேன், தாடை முடியில மஞ்சளா என்னவோ ஒட்டி இறுகியிருக்கு. வெல்லப் பாகுன்னு நெனைச்சு நகத்தால சுரண்டினேன். வரல. முடியோட புடிச்சிகினு இருக்கு.

"பாவா, இது இன்னாது பாரு."

அவர் குனிஞ்சு விரல்ல தேச்சுப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. அப்புறம் அந்த மனுஷன் மூஞ்சி போன போக்கை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். எழுந்து ஷெட்டுக்கு ஓடினாரு. நான் சொம்பைக் கையில தூக்கிட்டேன். உள்ள இருந்து அவர் குரல் வருது.

"ஊத்தாதே! அந்தத் தண்ணியக் கீழ போடு!"

கையில பாட்டிலோட வந்தாரு. குங்குமப் பொட்டு வெச்ச பாட்டில், மூடிப் பக்கம் கடிச்சுக் குதறியிருந்துச்சு. பாதி காலி. பாத்ரூம் கதவுக்கும் மழைத் தண்ணி படற இடத்துக்கும் மட்டும் அவர் வெச்சிருக்கற பசை அது. மரத்துல லேசா தண்ணி தொட்டுட்டுத்தான் அதைத் தடவுவாரு. ஈரம் பட்டதும் நுரைச்சுப் பொங்கும், பொங்கின பிறகு கட்டையா இறுகிடும். அப்புறம் உளி வெச்சுத்தான் செதுக்கணும். எத்தனையோ வாட்டி ஜன்னல் வழியா பாத்து, பணியாரம் மாதிரி உப்புதேன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். அது இப்ப சுருளி வயித்துல பொங்கிகினு இருக்குது. அதுக்கு மேல ஒரு கிண்ணம் தண்ணியும் குடிச்சிருக்கு.

தண்ணிக் கிண்ணத்தைக் காலால எத்தித் தள்ளினேன். சுருளி பயந்து என்னையே பாத்துச்சு. ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனைச்சுது போல, அந்த வலியிலயும் வாலைத் தரையில லேசா தட்டுச்சு.

சுருளிக்கு ஊசி போடற டாக்டரம்மா அரக்கோணத்துல இருக்காங்க. லீவு நாள், எடுக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன். எடுத்துட்டாங்க. நான் ஒளறினதைப் பொறுமையா கேட்டுட்டு, வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீங்க, வர்ற வழியில தொண்டையில மாட்டிக்கும், தண்ணி, பால் எதுவும் குடுக்காதீங்க, அந்தப் பாட்டிலையும் எடுத்துகிட்டு உடனே கிளம்பி வாங்க, நான் க்ளினிக்கைத் தொறந்து வெக்கிறேன்னாங்க. அந்தச் சொம்புத் தண்ணியை எடுத்துப் போய் சாக்கடையில கொட்டினேன். ஒரு நிமிஷம் முந்தியிருந்தா நானே ஊத்தியிருப்பேன்.

கிளம்பணும்னா வண்டிச் சாவி வேணும். சாவி பூஜையில இருக்கு, மறுபூஜை போடல. உளியைக் கால்ல தாண்டினாகூட கன்னத்துல போட்டுக்கறவர் எங்க பாவா. அன்னைக்கு செருப்புக் காலோட பூஜைக்கு நடுவுல போய், குத்துவிளக்கைத் தட்டி விட்டு, சாவியை எடுத்துகினு ஓடி வந்தாரு. பின்னாடி எண்ணெய் வழிஞ்சு குங்குமத்தோட ஓடுது, திரும்பிக் கூட பாக்கல.

மரம் ஏத்தற எங்க குட்டியானை வண்டிக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, நடுவுல சாமந்தி மாலை. அப்படியே கிளப்பினாரு. சக்கரத்துக்கு அடியில வெச்ச எலுமிச்சம்பழம் நசுங்கற சத்தம் கேட்டுச்சு. சுருளி என் மடியில. மூச்சு மேல் மூச்சா வாங்குது, வயிறு என் கைக்கு அடியில இறுகிகினே போற மாதிரி இருந்துச்சு. நெசமாவே இறுகுச்சா, என் பயமான்னு தெரியல.

மலைக் கோயிலுக்குப் போற வண்டிங்க ஊருக்குள்ள ஒன்னோட ஒன்னு முட்டிகினு நிக்குது. எல்லா வண்டியிலயும் மாலை, எல்லா வண்டியிலயும் வாழைக்கன்னு. எங்க வண்டியையும் அந்தக் கூட்டத்துல ஒன்னுன்னு நெனைச்சிருப்பாங்க, எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் ஒருத்தர் நகரல. அந்த நேரம் பாத்து போன் அடிக்குது. பொண்ணு. போட்டோவைப் பாத்துட்டு கூப்பிடறா. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. எடுத்தா என் குரலே காட்டிக் குடுத்துடும். அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. மறுபடியும் அடிச்சுது. நான் தலையை வெளியில நீட்டி, "கொஞ்சம் வழி விடுங்க சாமி, வண்டியில உசுரு போயிகினு இருக்குது"ன்னு கத்தினேன். பக்கத்து காரில இருந்த ஒருத்தர் எட்டிப் பாத்து, நாய்தானேன்னு கண்ணாடியை ஏத்திக்கினாரு.

முன்னாடி நின்ன ஷேர் ஆட்டோக்காரர் அதைக் கேட்டுட்டாரு போல. எறங்கி வந்து என் மடியைப் பாத்தாரு. ஆட்டோவுல இருந்த ஆளுங்க கிட்ட, ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு, எங்க வண்டிக்கு முன்னாடி நடந்து, ஒவ்வொரு வண்டியா தட்டி, ஓரங்கட்ட வெச்சாரு. ஒருத்தர் முறைச்சதுக்கு, இவரும் முறைச்சாரு. அரக்கோணம் ரோடு திரும்பற வரைக்கும் நடந்தே வந்து, போங்கன்னு கையைக் காட்டிட்டுத் திரும்பிட்டாரு. நன்றி சொல்லாமலே வந்துட்டோம். அவர் மூஞ்சி கூட இப்ப சரியா ஞாபகம் இல்ல, காக்கிச் சட்டை முதுகு மட்டும்தான்.

ரோடு முழுக்க நான் பேசினேன். கதவை ஏன் கழட்டினே, அந்தப் பாட்டிலுக்கு ஒரு பொட்டு இல்லைன்னு எந்த சாமி அழுதுச்சுன்னு வாய்க்கு வந்தபடி திட்டிகினே போனேன். பாவா கன்னத்துல தண்ணி ஓடிகினே இருந்துச்சு, அதைத் துடைக்காம வண்டி ஓட்டினாரு. அதைப் பாத்ததும் என் வாய் தானா மூடிக்கிச்சு.

டாக்டரம்மா பட்டுப் புடவையோட நின்னுகினு இருந்தாங்க. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாங்க. வயிறு இருக்கற எடம் முழுக்க ஒரே அடைப்பு. "இது உள்ள உப்பி இறுகிடுச்சுங்க. தானா வெளிய வராது, திறந்துதான் எடுக்கணும்."

பொழைக்குமான்னு கேட்டேன்.

"வயிறு உள்ள கிழியாம இருந்தா பொழைக்கும். திறந்து பாத்தாதான் சொல்ல முடியும்."

உதவிக்கு இருக்கற ஆள் பூஜைக்கு ஊருக்குப் போயிட்டாரு, ஒருத்தர் கூட நின்னு சொல்றதை எடுத்துக் குடுக்கணும்னாங்க. பாவா முன்னாடி வந்தாரு. கையைப் பாத்தேன், பதறிகினு இருக்கு. நூல் புடிச்ச மாதிரி மரம் அறுக்கற கை அது. நீ வெளிய உக்காருன்னு தள்ளி விட்டுட்டு, நான் கையைக் கழுவிகினு உள்ள போனேன். கோழி அறுக்கறதைக் கூட பாக்காதவ நான்.

மயக்க ஊசி போட்டதும் சுருளி நாக்கைத் தொங்கப் போட்டுட்டுத் தூங்கிடுச்சு. செத்த மாதிரியே இருந்துச்சு. நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துகினே நின்னேன். டாக்டரம்மா சொன்னதை எடுத்துக் குடுத்தேன், புடிக்கச் சொன்னதைப் புடிச்சேன். கத்தி பட்ட எடத்தைப் பாக்கல. அப்புறம், தட்டைக் கிட்ட கொண்டு வாங்கன்னாங்க.

தட்டுல டக்குன்னு விழுந்துச்சு. மஞ்சளும் பழுப்புமா, ஒரு கை நெறைய கட்டி. சுருளி வயித்துக்குள்ள அச்சு எடுத்த மாதிரி வளைஞ்சு இருந்துச்சு. அது மேல முழுக்க, வெள்ளை வெள்ளையா பொரி பதிஞ்சிருந்துச்சு. நான் பொறுக்கி, புடைச்சு, படைச்ச பொரி. காலையில அதுல ஒன்னைப் பாத்துத்தான் நான் சிரிச்சேன். அது வரைக்கும் அடக்கி வெச்ச அழுகையெல்லாம் அப்ப வந்துச்சு. கையில தட்டு இருக்கு, மூக்கைக் கூட துடைக்க முடியல.

டாக்டரம்மா குனிஞ்சு உள்ள பாத்துகினே இருந்தாங்க. நான் அவங்க மூஞ்சியைப் பாத்துகினே இருந்தேன். கடைசியில மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் சிரிச்சுது. கிழியலைம்மா, செவந்திருக்கு, அவ்வளவுதான்னாங்க. உசுரு போய் உசுரு வந்துச்சு.

தையல் போட்டு முடிச்சு, மயக்கம் தெளிய சாயந்திரம் ஆயிடுச்சு. சுருளி கண்ணைத் தொறந்து முதல்ல பாவாவைப் பாத்துச்சு. வாலைத் தூக்க முடியல, நுனி மட்டும் அசைஞ்சுது. அவர் பக்கத்துல தரையில உக்காந்து அது காதைத் தடவிகினே இருந்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, "மிஷினுக்குத்தான்மே நான் பயந்தேன்"னாரு. பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்ச பிறகு சொன்னோம். ஒரு வாரம் எங்க ரெண்டு பேர் கிட்டயும் பேசல. சுருளி கிட்ட மட்டும் வீடியோவுல பேசினா.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு சாமானெல்லாம் தரையில இறக்கல. மேசை போட்டு அது மேல வாழை இலை விரிச்சோம். பசை, தின்னர், பாலிஷ் எதுவும் பலகையை விட்டு இறங்கல, பாவா ஸ்டூல் போட்டு ஏறி அங்கயே பொட்டு வெச்சாரு. பூஜை முடிஞ்ச கையோட ஒரு பொரி விடாம நான் பெருக்கினேன். இத்தனை வருஷ வழக்கத்தை மாத்திட்டீங்களேன்னு கேட்டவங்களுக்கு, டாக்டரம்மா குடுத்து அனுப்பின அந்தக் கட்டியைக் காட்டினோம். ஷெட்டுல ஆணியில தொங்குது.

குட்டிக் கதவை அந்த வாட்டி கழட்டல. தட்டு வாங்க வந்தவங்க அதுக்கு வெளியில நின்னே வாங்கிகினு போனாங்க. பாவா கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடி சந்தனக் கிண்ணத்தை எடுத்துகினு நேரா அந்தக் கதவு கிட்டத்தான் போனாரு. உளிக்கு முன்னாடி, ரம்பத்துக்கு முன்னாடி, முதல் பொட்டு அதுக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் சுருளி எப்பவும் போல படுத்துகினு பாத்துச்சு. ரம்பம் ஓடற நாளெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்த எங்களுக்கு, எல்லாம் ஓஞ்சு கிடந்த அந்த ஒரு நாள்தான் உசுரோட வெலையைக் காட்டிச்சு. அதுக்கப்புறம், இன்னைக்கு ஒன்னும் ஆகாதுன்னு மனசு சொல்ற நாள்ல எல்லாம், முதல் வேலையா எழுந்து போய் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாத்துட்டு வர்றேன்.